சின்ன ஜெட்

ஸ்பூனை வாயருகே கொண்டுபோனபோதே ராஜாத்திக்குத் தெரிந்துவிட்டது, இனித் தண்ணீர் இறங்காது என்று. அப்பா கரியப்பனின் உதட்டோரமாக வழிந்த நீர் கழுத்துக் குழியில் போய்த் தேங்கியது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கும்போது ரத்தினவேல் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். காலை எட்டேகால் மணி.

அவருக்குக் கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை. பழைய கார்கள் என்றால் பைத்தியம். ஒன்பது வண்டி வைத்திருந்தார். எல்லாமே அவர் பிறப்பதற்கு முன்னாலோ பிறந்த சமயத்திலோ வந்தவை. அவற்றின் கார்புரேட்டருக்கு ஏதாவது வந்தால் ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் கரியப்பனின் தகரக் கொட்டகைக்குத்தான் வருவார். வேறு எங்கும் போகமாட்டார்.

"கரியப்பா, கேக்குதா?"

கட்டிலில் கிடந்தவரின் கண் பாதி திறந்தது.

"சுத்தி வளைக்காம கேக்கறேன். கிருஷ்ணகிரியில வண்டி வேலைக்கு செட்டு போட்டாச்சு. கரெண்டு இழுத்தாச்சு. என் வண்டி மட்டும் இல்ல, பெங்களூர்க்காரங்க வண்டியும் வரும். யாரை வெக்கறதுன்னு நீ சொல்லணும். நீ கை காட்டற ஆளுதான்."

ராஜாத்தி ஸ்பூனை டம்ளருக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். கால்மாட்டில் அவள் தம்பி சென்னப்பன் ஃபேக்டரி சட்டையோடு நின்றான். அவனுக்குப் பின்னால் கதவோரமாக அவன் மனைவி ஜோதியம்மாள்.

போன வாரம்தான் ராஜாத்தி அப்பாவிடம் கேட்டிருந்தாள். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த ஒன்பது வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட ஒரே விஷயம் அது. 'அவரு வந்தா, நான்தான் பண்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா.' அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு 'சொல்றேன்' என்றிருந்தார்.

கரியப்பனின் உதடு அசைந்தது. ரத்தினவேல் குனிந்தார்.

"பையன்."

"சென்னப்பனா? அவன் ஃபேக்டரியில நட்டு முறுக்கறவனாச்சே."

"எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். அவன் கையி... என் கையி."

அது யாருடைய கை என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ரத்தினவேலுக்கு மட்டும் தெரியாது. அவர் நிமிர்ந்து சென்னப்பனின் தோளைத் தட்டினார். சென்னப்பன் தரையைப் பார்த்தான். ஜோதியம்மாள் மெதுவாக உள்ளே போய் அவருக்குக் காபி வைத்தாள்.

ஆறு வருடமாகக் கரியப்பனின் கை நடுங்கியது. முதலில் பீடி பற்றவைக்கும்போது நடுங்கியது, பிறகு எப்போதும். கடுகளவு ஸ்க்ரூவைப் பிடிக்க வேண்டிய தொழிலில் இருப்பவனுக்குக் கை நடுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் அன்றே தொழில் போயிற்று. அதனால் கொட்டகையின் பின்பக்கம் தகரத்தால் ஒரு தடுப்பு அடித்து, கதவு போட்டு, கார்புரேட்டரைக் கழற்றியதும் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாத்திக்கொள்வார். தொழில் ரகசியம் என்று ஊரில் சொன்னார்கள். உள்ளே ராஜாத்தி உட்கார்ந்திருப்பாள். புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதும் இருபத்தைந்து வயதில் திரும்பி வந்தவள். சமையலுக்கு என்று வைத்துக்கொண்ட மகளை அவர் அங்கே ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். தப்பாகக் கை வைத்தால் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் விரல் முட்டியில் அடிப்பார். இரண்டு முட்டிகள் இன்றும் வீங்கியேதான் இருந்தன.

ஒவ்வொரு ஜெட்டையும், பெட்ரோல் போக நடுவில் துளையிட்ட அந்தச் சின்னப் பித்தளைத் திருகை, ஊதித் துடைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். "வட்டமா தெரியுதா?" என்பார். "தெரியுதுப்பா" என்று சொன்னபிறகுதான் மாட்டவிடுவார்.

வண்டியில் மாட்டிய பிறகு ட்யூனிங். அதை உள்ளே கொண்டுபோய்ச் செய்ய முடியாது. அதற்கும் ஒரு வழி செய்தார். அவர் வெளியே பானெட்டுக்குள் குனிந்து, நடுங்குகிற கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவைத் திருப்புவார். கதவுக்குப் பின்னால் ராஜாத்தி இன்ஜின் சத்தத்தைக் கேட்டு ஸ்பேனரால் தகரத்தைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் உள்ளே திருப்பு. இரண்டு என்றால் வெளியே. மூன்று என்றால் போதும், விடு. வண்டிக்காரர்கள் பக்கத்துப் பட்டறையில் யாரோ தட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

ரத்தினவேல் காபி குடித்துவிட்டு வெளியே கொட்டகைக்குப் போய்த் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரியப்பனின் வலது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கிடந்தது. மோதிரம் சட்டத்தில் பட்டுப்பட்டுச் சத்தம் வந்தது. ராஜாத்தி தன்னையறியாமல் எண்ணினாள். ஒன்று. ஒன்று. இரண்டு. ஒன்று. அதில் ஒன்றும் இல்லை, வெறும் நடுக்கம்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் எண்ணினாள். மணி பத்து இருபது ஆனபோது இரண்டு தட்டு வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஜோதி," என்றாள். "ஆச்சு."

---

சொந்த ஊரான ஜவளகிரியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்திருந்த அத்தை நாராயணம்மாதான் எல்லாவற்றையும் நடத்தினாள். அவள் கரியப்பனுக்கு மூத்தவள். அழுதுகொண்டே வேலை ஏவுவாள். ஏவி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து அழுவாள்.

"அய்யோ எஞ்சாமி... ஏ, அந்த வெந்நியில கையை உட்டுப் பாருங்கடி, தோலு உரியப் போவுது... என்னை முந்திக்கினியே சாமி..."

குளிப்பாட்டும்போது கரியப்பனின் நகங்களுக்குள் கிரீஸ் இல்லை என்று ஒருத்தி சொன்னாள். "மெக்கானிக்கு நகம் இவ்ளோ சுத்தமா நான் பாத்ததே இல்ல. சர்க்கார் உத்யோகக்காரன் கையி மாதிரி." ராஜாத்தி தன் கைகளைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஊர்ல, நம்ம நெலத்துல, அவன் பொண்டாட்டி பக்கத்துலதான் பொதைக்கணும்," என்றாள் நாராயணம்மா. "பொம்பளைங்க டெம்போவுல வாங்க. ராஜாத்தி, நீ இரு."

"நான் வரலையா அத்தெ?"

"கெடத்துன எடத்துல வெளக்கு எரியணும். அணையக்கூடாது. போயிட்டு வர்றவங்க கண்ணால பாத்துட்டுத்தான் அவங்கவங்க வீட்டுக்குப் போவணும். யாராச்சும் ஒருத்தி இருக்கணுமில்ல? ஜோதி சுமங்கலி, மருமவ. அவ வரணும். நீ வந்து என்ன பண்ணப்போற?"

ராஜாத்தி விளக்குக்கு எண்ணெய் எடுக்க எழுந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ரத்தினவேல் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "லாரி எதுக்கு? அவரு கை வெச்ச வண்டியிலயே அவரைக் கொண்டுபோவோம். என் வில்லீஸ் வேகன் இங்கதானே நிக்குது. பின் சீட்டை மடக்கினா ஆளு நீளம் இருக்கு. இது நான் செய்யற மரியாதை."

கூட்டம் நெகிழ்ந்துவிட்டது. அவருடைய டிரைவர் திம்மராயன்தான் தயங்கினான். "சார், அதுல கார்புரேட்டரே இல்லீங்களே. வெள்ளிக்கிழமை கழட்டினது. உள்ள ட்ரேல கெடக்குது."

"அதுக்கென்னப்பா? சென்னப்பன் இருக்கானே. அரை மணி நேரத்து வேலை. கரியப்பனே சொல்லிட்டுப் போயிருக்காரு."

எல்லோரும் சென்னப்பனைப் பார்த்தார்கள். அவன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். கொட்டகைக்குப் போய், பின் அறைக்குள் நுழைந்து, அப்பா செய்வது போலவே கதவைச் சாத்திக்கொண்டான்.

"அப்படியே அப்பன்," என்றார் யாரோ.

ஐந்து நிமிடம் கழித்து ஜோதியம்மாள் ராஜாத்தியின் தோளைத் தொட்டாள். "உன் தம்பி கூப்பிடறாரு. பின்வாசல் வழியா போ. யாராச்சும் பாக்கப்போறாங்க."

---

சென்னப்பன் ட்ரேயின் முன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் பரப்பிவைத்த உறுப்புகளை, தப்பான வீட்டு விருந்துக்கு வந்துவிட்டவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, மானத்தைக் காப்பாத்து."

"உனக்குத்தான் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரே."

"இப்பப் போயி குத்திக் காட்டறியே. எது எங்க போவுதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"அப்ப வெளிய போ. ஒரு வார்த்தை சொல்லு, எங்கக்கா பண்ணுதுன்னு. நான் அங்கயே கொண்டாந்து எல்லார் முன்னாலயும் மாட்டறேன்."

"பொணத்தை நடு வூட்ல வெச்சுக்கினு பேசற பேச்சாக்கா இது? அப்பா பொய் சொல்லிட்டு செத்தாருன்னு நான் ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"சொன்னது பொய்தானே."

சென்னப்பன் குரலைத் தாழ்த்தினான். அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கு நல்லது சொல்வதாகத்தான் நினைத்தான். "கேளுக்கா. கிருஷ்ணகிரியில பெரிய செட்டு. இந்த மாதிரி தகரப் பொந்து இல்ல. பின்னாடி தனியா ரூம் இருக்குது. நான் சார்கிட்டச் சொல்லி உனக்கு ஃபேன் போடச் சொல்றேன். கதவைச் சாத்திக்கினு நீ பாட்டுக்குப் பண்ணு. வெளிய நான் பாத்துக்கறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஃபேனு?"

"ஆமாக்கா. சீலிங் ஃபேன்."

அவள் ட்ரேயைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "எழுந்திரு," என்றாள்.

முக்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். மிதவையைக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே பெட்ரோல் இல்லை. ஊசியை அதன் இருக்கையில் வைத்து வாயால் உறிஞ்சினாள், காற்று விடவில்லை. மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய அட்டையைச் சுரண்டிப் புதிய அட்டை வைத்தாள். வெளியே நாராயணம்மாவின் ஒப்பாரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சென்னப்பன் கதவின் கீல் ஓட்டையில் கண் வைத்து வெளியே காவல் பார்த்தான்.

சோப்பு டப்பாவில் இரண்டு ஜெட்டுகள் இருந்தன. நூற்றுப் பதினைந்து என்று எண் குத்தியது இந்த வேகனுடையது. தொண்ணூற்றைந்து என்று குத்தியது எப்போதோ ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றியது, துளை இன்னும் சிறியது. பழக்கப்படி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். இரண்டிலும் வெளிச்சம் வட்டமாகத்தான் தெரிந்தது.

தொண்ணூற்றைந்தை எடுத்து மாட்டினாள்.

வாசலில் நின்று ஓடும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பெட்ரோல் வேறு துளை வழியாகப் போகும். தளி வரைக்கும்கூட, ஆக்சிலேட்டரை அமுக்காமல் ஓட்டினால், போய்விடும். தளி தாண்டி ஜவளகிரிக்குப் போகும் காட்டு ரோட்டில் ஒரு நீண்ட மேடு இருக்கிறது. பாரத்தோடு அதில் ஏறும்போது இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோலை இந்த ஓட்டை கொடுக்காது. இருமும். பிறகு நின்றுவிடும். ரத்தினவேல் முன்னால், இரண்டு ஊர் ஜனத்தின் முன்னால் சென்னப்பன் பானெட்டைத் திறப்பான். அங்கே தட்டிச் சொல்லத் தகரம் இருக்காது. அதன்பின் அவளைத் தேடி ஒருவன் வந்தே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு இனி அவசரம் எதுவும் இல்லை என்று அவள் நினைத்தாள்.

பெரிய ஜெட்டை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"இந்தா. நாலு நட்டு. குறுக்குக் குறுக்கா முறுக்கு. ட்யூனிங்குக்குத் தட்டறேன், காதைத் தீட்டிக்கோ."

வண்டி இரண்டாவது இழுப்பில் பிடித்தது. சென்னப்பன் பானெட்டுக்குள் குனிந்தான். ராஜாத்தி கதவுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டு தட்டு. இரண்டு தட்டு. ஒன்று. இன்ஜின் சத்தம் மெல்ல மெல்லச் சமனாகி, ஒரே சீரான மூச்சாக ஆனது. மூன்று.

"கேட்டியா திம்மராயா?" என்று ரத்தினவேலின் குரல் வந்தது. "தையல் மிஷின் மாதிரி ஓடுது. அப்பன் கையி அப்படியே வந்திருக்கு."

"ஹௌது சார்," என்றான் திம்மராயன் கன்னடத்தில். "அதே கையி."

---

ஒன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். வேகனில் கரியப்பனும், தலைமாட்டில் சென்னப்பனும், முன்னால் ரத்தினவேலும் திம்மராயனும். பின்னால் டெம்போ. தெரு காலியாயிற்று.

ராஜாத்தி விளக்கில் எண்ணெய் ஊற்றினாள். வீட்டைக் கழுவினாள். கொட்டகைக்குப் போய் இரண்டு ஸ்பேனரையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். தலை வாரிப் பின்னிக்கொண்டாள். தளிக்கு ஒரு மணி நேரம். மேட்டுக்கு இன்னும் கால் மணி. திம்மராயன் யாருடைய மோட்டார் பைக்கையாவது வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் நான்கு மணிக்குள் வந்துவிடுவான்.

மூன்றே முக்காலுக்கு ஒரு மோட்டார் பைக் சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அது நிற்காமல் போயிற்று.

நான்கு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. பங்குனி வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து விளக்கின் சுடரைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்தது. அணைந்துவிட்டதோ என்று இரண்டு முறை விரலை நீட்டிப் பார்த்தாள். சுட்டது.

ஆறரை மணிக்கு டெம்போ வந்து நின்றது. வேகன் அதோடு வரவில்லை. மொட்டையடித்த தலையோடு சென்னப்பன் இறங்கினான். அவன் உள்ளங்கைகளில் கிரீஸும் சிராய்ப்பும். பின்னாலேயே ரத்தினவேல் இறங்கினார்; வெள்ளைச் சட்டையின் முதுகில் செம்மண் கோடு. வாசலில் காலைக் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து விளக்கைப் பார்த்தார்கள்.

ஜோதியம்மாள் நேராகச் சமையற்கட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். "உங்கப்பன் போன போக்கைக் கேட்டா வயிறு எரியும் அண்ணி. மேட்டுல வண்டி இருமி இருமி நின்னு போச்சு. இவரு பானெட்டைத் திறந்து என்னென்னமோ கழட்டினாரு. ஒரு ஸ்பிரிங்கு தெறிச்சு உண்ணிச்செடிக்குள்ள பூந்துடுச்சு. ஆம்பளைங்க எல்லாம் முட்டி போட்டுத் தேடறாங்க. ஒன்றரை மணி நேரம் வெயில்ல. ஈ மொய்க்குது, உங்கத்தெ விசிறிக்கினே திட்டறாங்க. தள்ளலாம்னு தள்ளினா, பின்கதவு திறந்துக்கிச்சு. மாமா முட்டி வரைக்கும் வெளிய சரிஞ்சுட்டாரு."

ராஜாத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில கோஸ் எறக்கிட்டு வந்த காலி லாரி ஒண்ணு. அதுலதான் போனாரு. அழுகின எலை எல்லாம் கோடித்துணியில ஒட்டிக்கினு. அப்படியேதான் குழிக்குள்ள எறக்கினாங்க."

"என்னைக் கூப்பிடலாம்னு யாரும் சொல்லலையா?"

"உன்னையா? அத்தனை பேரு முன்னாலயா?"

முன்கட்டில் ரத்தினவேல் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சத்தமாகப் பேசவில்லை.

"நீ சொன்னதைத்தான் யோசிச்சிக்கினே வந்தேன் சென்னப்பா. ஆறு வருஷமா கை நடுங்குச்சா?"

"ஆமாங்க சார். வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாரு. வெள்ளிக்கிழமை அவரு கடைசியா செஞ்ச வேலைதாங்க அது. நான் எடுத்து மாட்டினது மட்டும்தான். லாரி டிரைவர்கூடச் சொன்னாரில்ல, ஜெட்டுல குப்பைன்னு. பாவம், அவருக்கு முடியல."

"அப்ப ஆறு வருஷமா என் வண்டி ஒன்பதும் அந்த நடுங்கற கையிலதான் இருந்திருக்கு." ரத்தினவேல் நெற்றியைத் தேய்த்தார். "நல்ல வேளை, ரோட்டுல எனக்கு ஒண்ணும் ஆகல. தப்பா நினைக்காதே. செத்தவரைப் பத்திக் குறை சொல்லக் கூடாது. ஆனா செட்டு வேண்டாம். பெங்களூருக்கே அனுப்பிடறேன் எல்லாத்தையும்."

"சரிங்க சார்," என்றான் சென்னப்பன். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நாளைக்கு அவன் ஷிப்டுக்குப் போகலாம்.

ராஜாத்தி சமையற்கட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அந்த ஆறு வருடத்தில் ஒரு வண்டிகூட ரோட்டில் நின்றதில்லை. அதைச் செய்த கை யாருடையது என்று சொன்னால், மேட்டில் நின்ற வண்டியும் அதே கையின் வேலைதான் என்று சேர்ந்தே வரும். முந்தானை முடிச்சை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"சார்," என்றாள்.

ரத்தினவேல் திரும்பினார். ஒன்பது வருடமாக வந்துபோகிற வீட்டில் அவளை அன்றுதான் நேராகப் பார்த்தார் போலிருந்தது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றார்.

கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, விளக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டார். சென்னப்பன் அவரோடு முக்கு வரைக்கும் போனான்.

ஜோதியம்மாள் தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. இருட்டத் தொடங்கியிருந்தது, சுடர் இப்போது நன்றாகத் தெரிந்தது. ராஜாத்தி மஞ்சள் பையைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு விளக்கின் முன் உட்கார்ந்தாள். முந்தானையை அவிழ்த்து ஜெட்டை எடுத்தாள். ஒரு முறை ஊதினாள். புடவையில் துடைத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுடருக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

வட்டமாகத் தெரிந்தது.